காலைத் தாங்கும் காற்று

1836-ல் ஜெர்மனியின் வெபர் சகோதரர்கள், வில்ஹெல்மும் எடுவார்டும், மனிதன் நடக்கும் விதத்தை ஆராய்ந்து ஒரு நூல் வெளியிட்டார்கள். அதிலுள்ள சோதனை ஒன்றை இன்று படித்தாலும் மலைப்பாக இருக்கிறது. இறந்தவரின் உடலைக் கால் தொங்கும்படி வைத்து, இடுப்பு மூட்டைச் சுற்றியிருந்த தசைகளையெல்லாம் அறுத்தார்கள். மூட்டைப் போர்த்தியிருக்கும் உறையையும் அறுத்தார்கள். இனிப் பிடித்துக்கொள்ள எதுவுமில்லை. ஆனாலும் கால் விழவில்லை. பிறகு இடுப்பெலும்பின் உட்புறத்திலிருந்து மூட்டுக் கிண்ணம்வரை சிறு துளை போட்டார்கள். காற்று உள்ளே புகுந்தது. தொடையெலும்பின் தலை கிண்ணத்தை விட்டு நழுவியது.

அதுவரை ஒரு முழுக் காலைத் தாங்கியிருந்தது வெளிக்காற்றின் அழுத்தம். கிண்ணத்தின் விளிம்பைச் சுற்றி லேப்ரம் என்ற நார்க்குருத்து வளையம் இருக்கிறது. தொடையெலும்பின் உருண்டைத் தலையை அது இறுக அணைத்து, உள்ளேயிருக்கும் திரவப் படலம் கசியாமல் அடைக்கிறது. தலை வெளியே வரப் பார்த்தால் உள்ளே அழுத்தம் குறையும். அந்தக் குறைவே அதைத் திரும்ப உள்ளே இழுக்கும். லேப்ரம் கிழிந்தால் இந்தப் பிடிமானம் தளர்ந்துவிடுகிறது.

உயிருள்ள உடலில் இதற்கு மேலும் காவல் உண்டு. மூட்டுறையோடு பின்னிய தசைநார்களில் ஒன்று முன்புறமாகக் கவைபோல் பிரிந்து இறங்குகிறது. நம் உடலிலேயே வலுவான தசைநார் அதுதான். இடுப்பைச் சற்று முன்னே தள்ளி நாம் நிற்கும்போது தசைகள் ஓய்வெடுக்கின்றன. உடலின் பாரத்தை அந்த நார் வாங்கிக்கொள்கிறது. நார் இறுக்கமாக இருப்பவருக்கு அது சுகமான நிலை. நார் தளர்ந்தவருக்கோ, அப்படி நிற்கும் ஒவ்வொரு முறையும் தொடைத்தலை முன்பக்கமாக அழுந்தி, தளர்ந்த நாரையே மேலும் நீட்டுகிறது.

நார் ஏன் தளர்கிறது? உறை, தசைநார், லேப்ரம் எல்லாவற்றுக்கும் அடிப்படைப் பொருள் கொலாஜன் என்ற புரதம். அதன் வடிவத்தைக் கண்டு சொன்னவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்த ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். 1954-லும் 1955-லும் ‘நேச்சர்’ இதழில் அவர்கள் எழுதிய கட்டுரைகள், மூன்று இழைகள் ஒன்றையொன்று சுற்றி முறுக்கிய முப்புரிக் கயிறாகக் கொலாஜனைக் காட்டின. ஒவ்வோர் இழையிலும் மூன்றுக்கு ஒன்று கிளைசின். அமினோ அமிலங்களிலேயே மிகச் சிறியது அது. கயிற்றின் நடுவில் இருக்கும் இடுக்கில் வேறெதுவும் அடங்காது. மரபணுப் பிழையால் அந்த இடத்தில் பெரியது ஒன்று வந்து உட்கார்ந்தால் முறுக்கு குலைகிறது. அடையாறில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்தின் அரங்கம் இன்றும் அந்த முப்புரியின் ஆங்கிலப் பெயரான ‘டிரிப்பிள் ஹெலிக்ஸ்’ என்பதைத் தாங்கி நிற்கிறது.

கொலாஜனிலோ அது உருவாகும் வழியிலோ நேரும் கோளாறுகளில் ஒரு பெரிய குடும்பம் ஏலர்ஸ்-டான்லோஸ். 2017-ன் உலக வகைப்பாடு அதை 13 வகைகளாகப் பிரித்தது. மற்ற வகைகளுக்கு மரபணு தெரிந்துவிட்டது. எல்லாவற்றிலும் அதிகம் காணப்படும் மிகைநெகிழ்வு வகைக்கு மட்டும் இன்னும் பிடிபடவில்லை. அதனால் எந்த ரத்தப் பரிசோதனையும் அதை உறுதிசெய்யாது. மருத்துவர் தொட்டு, வளைத்து, கேட்டுத்தான் அறிய வேண்டும். அதற்குப் பயன்படும் பைட்டன் அளவுகோலில் மொத்தம் 9 புள்ளிகள்: சுண்டுவிரல், கட்டைவிரல், முழங்கை, முழங்கால், குனிந்து தரையில் உள்ளங்கை பதிப்பது. இடுப்பு மூட்டுக்கென்று தனிப் புள்ளி அதில் இல்லவே இல்லை! இடுப்புதான் முதல் தொல்லை என்று வருபவர்கள் பல ஆண்டுகள் அலைவதற்கு இதுவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். உடல் நன்றாக வளைபவர்கள் எல்லோரும் நோயாளிகள் அல்லர் என்பதையும் சொல்லியாக வேண்டும். பெரும்பாலோர் ஒரு தொந்தரவும் இல்லாமல் வாழ்கிறார்கள்.

தொந்தரவு உள்ளவர்கள் “இடுப்பு கழன்று கழன்று மாட்டுகிறது” என்பார்கள். விபத்து ஏதுமின்றி இடுப்பு மூட்டு முழுதாக விலகுவது அரிது. பெரும்பாலும் நடப்பது, எலும்பு முடிச்சின்மேல் தசைநாண் ‘டொக்’கென்று தாண்டுவது, அல்லது கிண்ணத்துக்குள்ளேயே தலை சிறிதளவு சறுக்குவது. வெளியே தெரியாத இந்தச் சறுக்கல் லேப்ரத்தை நாள்தோறும் தேய்க்கிறது. நார் செய்யாத வேலையைத் தசைகள் எடுத்துக்கொண்டு, கவட்டையிலும் பிட்டத்திலும் ஓயாமல் இறுகி நிற்கின்றன. மூட்டு தளர்ந்திருக்கிறது, ஆனால் உணர்வதோ இறுக்கம். இறுக்கம் என்றதும் இழுத்து நீட்டும் பயிற்சியைச் செய்கிறார்கள். அன்றைக்குச் சற்று ஆறுதல். மூட்டோ இன்னும் தளர்கிறது. இத்தகைய உடலறிந்த பிசியோதெரபிஸ்ட் நீட்டச் சொல்வதில்லை. பிட்டத் தசைகளையும் மூட்டை ஒட்டிய சிறு தசைகளையும், மூட்டை அதன் எல்லைவரை கொண்டுபோகாமல், மாதக்கணக்கில் மெல்ல வலுவாக்குவார்.

அதற்குப் பிறகும் தீரவில்லையென்றால் அறுவை சிகிச்சை பற்றிய கேள்வி எழுகிறது. தளர்ச்சி எலும்பின் வடிவத்தாலா, நாராலா என்று பிரித்தறிவதுதான் இங்கே எல்லாவற்றுக்கும் முதல். தலையைக் கிண்ணம் எவ்வளவு மூடியிருக்கிறது என்பதை எக்ஸ்ரேயில் ஒரு கோணமாக அளக்கிறார்கள். 25 பாகைக்கு மேல் இயல்பு. 20-க்குக் கீழே என்றால் கிண்ணம் ஆழமற்றது. அப்படிப்பட்டவர்களுக்காக 1984-ல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் ரைன்ஹோல்ட் கான்ஸ் ஓர் அறுவையைச் செய்தார். கிண்ணத்தைச் சுற்றி எலும்பை வெட்டி, அதைத் தலையின்மேல் திருப்பி, திருகாணியிட்டு நிறுத்தும் முறை அது. குருத்தெலும்பு இன்னும் தேயாத இளவயதினருக்குத்தான் பொருந்தும். பெரிய அறுவை; ஆனால் எலும்பின் வடிவம் மாறிவிட்டால் மாறியபடியே நிற்கும்.

கிண்ணம் சரியாக இருந்து நார் மட்டும் தளர்ந்திருந்தால் கணக்கு வேறு. ஆர்த்ரோஸ்கோபியில் சிறு துளை வழியே லேப்ரத்தைத் தைக்கலாம், மூட்டுறையை மடித்து இறுக்கலாம். பலருக்குப் பலன் கிடைக்கிறது. ஆனால் தைக்கப்படுவது அதே கொலாஜன், மறுபடி நீளக்கூடும். உள்ளே நுழையத் திறந்த உறையைத் தைக்காமல் விட்டால், தளர்ந்த உடலில் அதுவே புதிய தளர்ச்சி. இறுக்கமாகத் தெரியும் இடுப்புத் தசைநாணை அறுத்து விடுவிப்பதும் இவர்களுக்கு ஆபத்து. மூட்டைத் தாங்கியிருந்ததே அந்த நாணாக இருக்கலாம். கிண்ணமே ஆழமற்றிருக்கும்போது லேப்ரத்தை மட்டும் தைத்து அனுப்புவதை நான் மனமார எதிர்க்கிறேன். கிழித்த காரணம் அங்கேயேதான் இருக்கிறது.

எந்த அறுவைக்கு முன்பும், ரத்தநாளங்களைத் தாக்கும் ஏலர்ஸ்-டான்லோஸ் வகை இல்லை என்று மருத்துவருக்கு உறுதியாகத் தெரிந்திருக்க வேண்டும். அந்த வகையில் அறுவையே உயிருக்கு ஆபத்து. மரத்துப்போகச் செய்யும் ஊசி சரியாக வேலை செய்வதில்லை என்று மிகைநெகிழ்வு உள்ளவர்களில் பலர் சொல்கிறார்கள். பல் மருத்துவரிடம் அப்படி அனுபவம் இருந்திருந்தால் மயக்க மருந்து நிபுணரிடம் முன்கூட்டியே சொல்லலாம். மயக்கத்தில் தசைகளின் காவலும் ஓய்ந்துவிடும் என்பதால் கழுத்தையும் தோளையும் திருப்பும்போது தனிக் கவனம் வேண்டும். அறுவைக்குப் பின் வாரக்கணக்கில் ஊன்றுகோல். அந்தப் பாரம் முழுவதும் மணிக்கட்டிலும் தோளிலும் இறங்கும், அவையும் தளர்ந்த மூட்டுகளே. முழங்கைக்குக் கீழே பாரத்தைப் பரப்பும் ஊன்றுகோல் கிடைக்கிறது. தேதி குறிப்பதற்கு முன்பே அதை வாங்கி, வீட்டுக்குள் நடந்து பார்த்து, தோள் தாங்குகிறதா என்று அறிந்துகொள்ளலாம்.