நல்ல நேரம், கெட்ட நேரம்

ஆகஸ்ட் கடைசியில் அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் கிராஸ் கன்ட்ரி சீசன் தொடங்கும். கோடு போட்ட மைதானத்தில் நடக்கிற ஓட்டம் அல்ல இது. புல்வெளி, பூங்கா, கோல்ஃப் திடல், மேடு, பள்ளம், மழை பெய்தால் சேறு என்று எது வந்தாலும் அதன் வழியே பெரும்பாலும் ஐந்து கிலோமீட்டர் ஓட வேண்டும். பதினான்கு முதல் பதினெட்டு வயது வரையுள்ள பெண்கள் மட்டும் ஆண்டுக்கு ஏறத்தாழ இரண்டு லட்சம் பேர் ஓடுகிறார்கள். முதல் போட்டி முடிந்து மூச்சு வாங்கும்போதே ஒவ்வொருத்தியும் கேட்பது ஒன்றுதான்: என் நேரம் நல்ல நேரமா?

தோராயமான கணக்கு ஒன்று உண்டு. புதிதாக வந்தவளுக்கு 28 முதல் 35 நிமிடம் ஆகலாம். நடுவில் கொஞ்சம் நடந்தும் வருவாள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஒரு சீசன் முழுக்க ஒழுங்காக ஓடிப் பழகியவள் 23 முதல் 26 நிமிடத்துக்கு வந்துவிடுவாள். பள்ளியின் முதல் அணிக்கு 'வார்சிட்டி' என்று பெயர். அதில் இடம்பிடிக்க நடுத்தரமான பள்ளியில் 22, 23 நிமிடம் போதும். பலமான பள்ளியில் 20 நிமிடத்தை ஒட்டி ஓட வேண்டும். 19க்குள் ஓடினால் மாநிலப் போட்டியில் பெயர் அடிபடும். 18க்குள் ஓடினால் கல்லூரிக் கோச்சுகள் தேடிவருவார்கள். 17க்குள் ஓடுகிறவர்கள் நாட்டின் உச்சியில் இருப்பவர்கள்.

20 நிமிடம் என்பதைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். கிலோமீட்டருக்கு 4 நிமிடம், மணிக்கு 15 கி.மீ. வேகம். 400 மீட்டர் ஓட்டப்பாதையில் என்றால் ஒரு சுற்றுக்கு 96 வினாடி. அப்படிப் பன்னிரண்டரைச் சுற்று. படிக்கும்போது சாதாரணமாகத்தான் தெரியும். ஒருநாள் மைதானத்துக்குப் போய் 96 வினாடியில் ஒரு சுற்று ஓடிப் பாருங்கள். நல்ல உடல்நலமுள்ள பெரியவர்கள் பலருக்கு முதல் சுற்றே கடைசிச் சுற்றாகிவிடும்.

1990இல் சான் டியேகோவின் பல்போவா பூங்காவில் நடந்த தேசியப் போட்டியில் கொலராடோவைச் சேர்ந்த மெலடி ஃபேர்சைல்ட் 16 நிமிடம் 39 வினாடியில் ஓடினார். 2018இல் போர்ட்லாண்டில் நடந்த இன்னொரு தேசியப் போட்டியில் நியூயார்க் மாநிலத்தின் கேட்லின் டூஹி 16:37. இருபத்தெட்டு ஆண்டுகளில் இரண்டே வினாடி முன்னேற்றமா என்று கேட்கத் தோன்றும். கேட்கக் கூடாது. ஒன்று மலைப்பாங்கான பூங்கா, மற்றது கோல்ஃப் திடல். வெவ்வேறு வினாத்தாளில் வாங்கிய மார்க்குகளை அருகருகே வைப்பது போன்றது அது.

கிராஸ் கன்ட்ரிக்கு உலக சாதனை என்று ஒன்று கிடையாது. உலகத் தடகள அமைப்பு அப்படியொரு பட்டியலே வைத்துக்கொள்வதில்லை. சாலையில் நடக்கும் மாரத்தானுக்குத் தூரத்தைத் துல்லியமாக அளந்து சான்றிதழ் தர முடியும். புல்வெளியில் தூரத்தை அளந்துவிட்டாலும் தரையை யார் அளப்பது? ஓடும்போது கால் தரையில் படுகிற கணத்தில் குதிகால் தசைநாண் இழுபட்டுக் கொஞ்சம் சக்தியைத் தேக்கிக்கொள்கிறது. அடுத்த கணம் சுருங்கி அதைத் திருப்பித் தருகிறது. கெட்டித் தரையில் இந்தக் கொடுக்கல் வாங்கல் நன்றாக நடக்கும். ஈரப் புல்லிலும் சேற்றிலும் கால் அழுந்தி வழுக்குவதிலேயே பெரும்பங்கு வீணாகிவிடும். ஏற்றத்தில் இழந்த நேரத்தை இறக்கத்தில் மீட்டுவிடலாம் என்று நினைப்பதும் தப்புக் கணக்குதான். ஏற்றம் எடுத்துக்கொள்வதில் ஒரு பகுதியைத்தான் இறக்கம் திருப்பித் தரும்.

லாஸ் ஏஞ்சலிஸுக்குக் கிழக்கே வால்நட் என்ற ஊரில், மவுண்ட் சான் அன்டோனியோ கல்லூரியை ஒட்டிய குன்றுகளில் ஒரு புகழ்பெற்ற பாதை இருக்கிறது. நீளம் 2.93 மைல், அதாவது சுமார் 4.7 கி.மீ. வழியில் கொண்டை ஊசி வளைவுகளோடு ஓர் ஏற்றம், மூச்சை அடைக்கும் இன்னொன்று, நீர்த்தேக்கத்தை நோக்கி மூன்றாவது. 2012இல் சாரா பாக்ஸ்டர் என்ற மாணவி அங்கே சரியாக 16 நிமிடத்தில் ஓடி முடித்தார். கணக்குப்புலி ஒருவர் அதை அப்படியே ஐந்து கிலோமீட்டருக்கு நீட்டினால் 16:58 வரும். அந்த மூன்று ஏற்றங்களையும் அழித்துவிட்டுப் போட்ட கணக்கு அது. சமதளத்தில் பாக்ஸ்டர் என்ன செய்திருப்பார் என்பதற்கு அதில் பதில் இல்லை.

தூரமும் எல்லா இடத்திலும் ஒன்றல்ல. நியூயார்க்கின் வான் கோர்ட்லாண்ட் பூங்காவில் பள்ளிப் பிள்ளைகள் ஓடுவது இரண்டரை மைல். மினசோட்டாவில் 2015 வரும்வரை பையன்களுக்கு 5 கி.மீ., பெண்களுக்கு 4 கி.மீ. பக்கத்து மாநிலமான விஸ்கான்சினிலும் வெகுகாலம் அதே கதைதான். ஆகவே மத்திய மேற்கு மாநிலத்துப் பழைய முடிவுப் பட்டியலில் ஒரு பெண்ணுக்கு 15 நிமிடம் என்று கண்டால் மயங்கிவிட வேண்டாம்.

அந்த ஒரு கிலோமீட்டரை ஏன் குறைத்தார்கள் என்று தேடினால் வேர் 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக் வரை போகிறது. பெண்களுக்கு முதன்முதலாக 800 மீட்டர் ஓட்டம் வைத்தார்கள். இறுதிச் சுற்றில் ஒன்பது பேர் ஓடினார்கள். ஒன்பது பேரும் முடித்தார்கள். ஜெர்மனியின் லீனா ராட்கே 2:16.8 நேரத்தில் உலக சாதனையோடு வென்றார். மறுநாள் பத்திரிகைகளோ, பாதிப் பேர் மயங்கி விழுந்தார்கள் என்ற தோரணையில் எழுதின. பெண்களின் உடல் இதைத் தாங்காது என்ற பழைய பல்லவிக்கு அது போதுமானதாக இருந்தது. அடுத்த 800 மீட்டருக்குப் பெண்கள் 1960 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. 5000 மீட்டர் பெண்களுக்கு ஒலிம்பிக்கில் கிடைத்தது 1996இல்தான். இன்று பதினான்கு வயதுச் சிறுமி செவ்வாய்க்கிழமை மாலை ஓடிவிட்டு வீட்டுப்பாடம் எழுதப் போகிற தூரம் அது.

வானிலைக்கும் பங்கு உண்டு. சீசன் தொடக்கத்தில் வெயில் கொளுத்தும். உடலைக் குளிர்விக்க இதயம் தோலுக்கு ரத்தம் அனுப்ப வேண்டியிருப்பதால் தசைகளுக்குக் கிடைக்கும் பங்கு குறையும். அக்டோபர், நவம்பரில் குளிர்ந்துவிடும், நேரமும் ஒரு நிமிடம் குறைந்துவிடும். கோச் புகழை வாங்கிக்கொள்வார். கொஞ்சம் வானத்துக்கும் சேர வேண்டியது.

இவ்வளவு பாடுபட்டு நேரத்தைக் குறித்தாலும், வெற்றியைத் தீர்மானிக்கும்போது யாரும் அதைப் பார்ப்பதில்லை என்பதுதான் வேடிக்கை. ஒரு பள்ளிக்கு ஏழு பேர் ஓடுவார்கள். முதல் ஐந்து பேர் எத்தனையாவதாக வந்தார்களோ அந்த எண்களைக் கூட்டுவார்கள். குறைந்த கூட்டுத்தொகைக்கு வெற்றி. ஒரு பள்ளியின் பெண்கள் 1, 4, 20, 31, 58 ஆகிய இடங்களில் வந்தால் மொத்தம் 114. இன்னொரு பள்ளியில் நட்சத்திரம் யாருமில்லை; 14, 16, 19, 22, 25. மொத்தம் 96, கோப்பை இவர்களுக்கு. முன்வரிசையில் ஓடுகிறவளுக்கு ஐந்து வினாடி ஓர் இடத்தைக்கூட மாற்றாமல் போகலாம். நடுக்கூட்டத்தில் அதே ஐந்து வினாடிக்குள் நாலைந்து பேர் தாண்டிவிடுவார்கள். 22 நிமிடத்தில் மூச்சிரைக்க வருகிற ஐந்தாவது பெண்ணைப் பார்த்து கோச் தொண்டை கிழியக் கத்துவது அதனால்தான். ஆறாவதும் ஏழாவதும் எண்ணிக்கையில் சேராவிட்டாலும், எதிரணியின் ஐந்தாவது ஆளை முந்திவிட்டால் அவளுடைய எண்ணை உயர்த்திவிடுவார்கள்.

சரி, நிலமும் வானமும் தூரமும் இப்படிக் குழப்புகின்றன என்றால் எதைத்தான் நம்புவது? அனுபவமுள்ள கோச்சுகள் ஒரே ஒரு ஒப்பீட்டை ஏற்பார்கள். அதே பாதை, அதே மாதம், போன வருடம் இவள் எவ்வளவு? பையன்கள் விஷயத்தில் இது அநேகமாகப் பொய்க்காது. ஒன்பதாம் வகுப்பில் 19 நிமிடம் ஓடியவன் பன்னிரண்டாம் வகுப்பில் 17க்கு வந்திருப்பான். அவனுடைய பயிற்சியில் பாதியை வளர்ச்சியே செய்து கொடுத்துவிடுகிறது. பெண்கள் விஷயத்தில் இந்த அளவுகோலும் வளைகிறது. நிலம் அதே நிலம்தான். அதன்மேல் ஓடுகிற உடல் வேறு.

பத்து, பதினொரு வயதுவரை ஆண் பெண் இருபாலரின் நெடுந்தூர ஓட்ட நேரங்களுக்குள் பெரிய இடைவெளி கிடையாது. பருவமடையும்போதுதான் பாதைகள் பிரிகின்றன. டெஸ்டோஸ்டிரோன் பையனின் தசையை, இதயத்தை, ரத்தச் சிவப்பணுக்களைப் பெருக்குகிறது. பெண்ணின் உடலில் ஈஸ்ட்ரோஜன் வேறு வேலைகளைச் செய்கிறது: எலும்பைத் திடமாக்குகிறது, இடுப்பை விரிக்கிறது, கொழுப்பைச் சேமிக்கிறது. வளர்ந்த பெண்ணின் ஹீமோகுளோபின் அளவு ஆணைவிடப் பத்து சதவீதத்துக்கு மேல் குறைவு. ஐந்து கிலோமீட்டர் ஓட்டத்துக்கான சக்தியில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் ஆக்சிஜனைக் கொண்டே உற்பத்தியாகிறது என்பதால், அதைச் சுமக்கிற ஹீமோகுளோபின் குறைந்தால் வேகத்தில் உடனே தெரியும். உச்ச நிலையில் ஆண் பெண் நேரங்களுக்கு இடையே இருக்கும் 10, 12 சதவீத வித்தியாசத்துக்கு இது முக்கியமான காரணங்களில் ஒன்று.

இதில் ஒரு வகுத்தல் கணக்கும் ஒளிந்திருக்கிறது. ஓட்டக்காரரின் திறனை, உடல் எடையில் கிலோவுக்கு நிமிடத்துக்கு எத்தனை மில்லி லிட்டர் ஆக்சிஜன் பயன்படுத்துகிறார் என்று அளக்கிறார்கள். பதினைந்து வயதுப் பெண்ணின் இதயமும் நுரையீரலும் வளர்ந்துகொண்டுதான் இருக்கின்றன. மேலே இருக்கும் எண் கூடுகிறது. ஆனால் கீழே இருக்கும் எடை அதைவிட வேகமாகக் கூடினால் ஈவு குறைந்துவிடும். அவள் சோம்பேறியாகவில்லை, பயிற்சியை விடவில்லை, உள்ளே எஞ்சின் பெரிதாகியும் இருக்கிறது. கடிகாரம் மட்டும் போன வருடத்தைவிட முப்பது வினாடி கூட்டிக் காட்டுகிறது.

அதனால்தான் பெண்கள் ஓட்டத்தில் பொடிசுகள் முன்னால் வருவது அடிக்கடி நடக்கிறது. நியூயார்க், மினசோட்டா போன்ற மாநிலங்களில் ஏழாம், எட்டாம் வகுப்புச் சிறுமிகளும் மேல் வகுப்பு அணியில் ஓடலாம். ஓடி, பன்னிரண்டாம் வகுப்பு அக்காக்களைத் தோற்கடிப்பதும் உண்டு. பையன்களில் இது மிக அபூர்வம். கலிஃபோர்னியாவின் ஜோர்டன் ஹசே ஒன்பதாம் வகுப்பில், 2005இல், சான் டியேகோ தேசியப் போட்டியை வென்றார். அடுத்த இரண்டு ஆண்டுகள் வெல்லவில்லை. பன்னிரண்டாம் வகுப்பில், 2008இல், மறுபடி வென்றார். எல்லாருக்கும் வரைபடம் இப்படியே வளையாது. சிலருக்கு நான்கு ஆண்டும் நேரம் இறங்கிக்கொண்டே வரும். ஆனாலும் நடுவில் ஒரு தேக்கம் வருவது நோயல்ல, சறுக்கலும் அல்ல.

பெரியவர்கள் இதைச் சறுக்கல் என்று வாசிக்கும்போதுதான் வினை. எடையைக் குறை என்ற அறிவுரை வருகிறது. வகுத்தல் கணக்கின்படி அது சில மாதம் பலிக்கவும் செய்யும்; அதுதான் அதன் ஆபத்து. ஓடிச் செலவழிக்கிற சக்திக்குச் சாப்பாடு ஈடுகொடுக்காவிட்டால் உடல் சிக்கனத்தில் இறங்குகிறது, முதலில் மாதவிடாயை நிறுத்துகிறது. ஈஸ்ட்ரோஜன் குறைந்தால் எலும்பு கட்டும் வேலையும் நின்றுபோகும். வளர்ச்சி உச்சத்தில் இருக்கும் இரண்டு வருடத்துக்குள் வாழ்நாள் எலும்பில் ஏறத்தாழ கால்பங்கு சேர்கிறது. அந்த வாய்ப்பு திரும்ப வராது. 20 நிமிட ஓட்டத்தில் ஏறக்குறைய 3,500 காலடி, ஒவ்வொன்றிலும் உடல் எடையைப் போல இரண்டு மூன்று மடங்கு சுமை. பலவீனமான எலும்பில் மயிரிழை விரிசல் விழ வேறென்ன வேண்டும்? இந்தச் சக்திப் பற்றாக்குறைக்கு 2014இல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி தனிப் பெயரே வைத்து மருத்துவர்களை எச்சரித்தது. மாதவிடாய் ஒழுங்காக வருகிற பெண்களுக்கு இரும்புச்சத்துக் குறைவு தனிப் பிரச்சினை. ஹீமோகுளோபின் சரியாக இருக்கும்போதே சேமிப்பு வற்றியிருக்கலாம் என்பதால் விவரமறிந்த கோச்சுகள் அந்தச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனையையும் செய்துபார்க்கச் சொல்கிறார்கள்.

தொழில்முறை ஓட்டக்காரராக இருந்த லாரன் ஃபிளெஷ்மன் 2023இல் வெளியிட்ட நூலில் இதைத்தான் வாதாடுகிறார்: பயிற்சி முறைகளும் எதிர்பார்ப்புகளும் பையன்களின் வளர்ச்சிக் கோட்டை வைத்து வரையப்பட்டவை, அதில் பெண்களை அளந்து குறை சொல்கிறோம் என்று. எனக்கு அதில் மறுப்பில்லை. விஸ்கான்சின் பெண் மாலி சைடல் 2011இல் அதே சான் டியேகோ போட்டியை வென்றவர். கல்லூரிக்குப் போய் 2015இல் தேசியக் கிராஸ் கன்ட்ரிப் பட்டத்தையும் வென்றார். பள்ளியில் அந்தப் போட்டியை வென்ற ஒரு பெண் கல்லூரியிலும் வென்றது அதுவே முதல்முறை. 1979இல் தொடங்கிய போட்டி அது. உணவுக் கோளாறோடு தான் போராடியதை அவரே வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். சிகிச்சைக்குப் பின், 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் மாரத்தான் வெண்கலம் வாங்கினார்.

நெடுந்தூர ஓட்டத்தில் பெண்களின் உச்சம் இருபதுகளின் பிற்பகுதியிலும் முப்பதுகளிலும் வருவது வழக்கம். வர்ஜீனியாவைச் சேர்ந்த கெய்ரா டமாட்டோ என்பவர் பள்ளியிலும் கல்லூரியிலும் நன்றாக ஓடியவர். காயத்தால் விட்டுவிட்டு வீடு, நிலம் விற்கும் தொழிலுக்குப் போனார், இரண்டு பிள்ளைகள் பெற்றார், பிறகு மறுபடி ஓட ஆரம்பித்தார். 2022 ஜனவரியில் ஹூஸ்டன் மாரத்தானை 2 மணி 19 நிமிடம் 12 வினாடியில் முடித்து, பதினாறு ஆண்டு நின்ற அமெரிக்க சாதனையை உடைத்தார். அப்போது வயது 37. ஒவ்வொரு ஐந்து கிலோமீட்டருக்கும் சராசரி பதினாறரை நிமிடம், அப்படி எட்டுத் தடவைக்கு மேல்.