தொலைவழிப் பாலியல் மருத்துவம்



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் நம் வீடுகளில் உரக்கப் பேசப்படாத ஒன்று. கணவன் மனைவியரிடையே உடலுறவு தொடர்பாக எழும் குறைகளையும் அச்சங்களையும் தீர்ப்பதற்கென்று ஒரு மருத்துவ முறை உண்டு. பாலியல் உளச்சிகிச்சை என்று அதனைச் சொல்கிறோம். அச்சிகிச்சை இப்போது கைப்பேசித் திரை வழியாகவும் நடைபெறுகின்றது. அதனைத் தொடங்கும் ஒருவர் எதனை எதிர்பார்க்கலாம், எதனை எதிர்பார்க்கலாகாது என்பதை விளக்குவதே என் நோக்கம். மாணவர்களுக்கு இது எதற்கு என்று சில பெரியவர்கள் முகம் சுளிக்கக்கூடும். இத்துறையில் மக்களைப் பீடிக்கும் பொய்யச்சங்களுள் பெரும்பாலானவை பள்ளிப் பருவத்திலேயே மனத்தில் விதைக்கப்படுகின்றன. ஆகவே மாணவர்களிடம் பேசுவதே முறை என்று நான் கருதுகிறேன்.

நான் குடியிருப்பது நல்லூர். திருப்பூரிலிருந்து காங்கேயம் செல்லும் சாலையில் உள்ள இவ்வூர் முன்பு தனி நகராட்சியாக இருந்து, 2011ஆம் ஆண்டில் திருப்பூர் மாநகராட்சியோடு இணைந்தது. உளநல ஆலோசனை என் தொழில். என்னிடம் வருவோரில் பலர் பனியன் கம்பெனிகளில் வேலை செய்பவர்கள். காலை எட்டரை மணிக்குத் தொடங்கி இரவு எட்டரை மணி வரை நீளும் ஒன்றரை ஷிப்ட் வேலை, சனிக்கிழமைச் சம்பளம், லைன் வீட்டில் ஓர் அறையும் ஒரு சமையல் மூலையும், சுவருக்கு அப்பால் அடுத்த குடும்பத்தின் பேச்சுக்குரல். இத்தகைய வாழ்வில் இல்லறத் துன்பம் ஒன்று நேர்ந்தால், அதனை யாரிடம், எப்போது, எங்கே வைத்துச் சொல்வது?

பெரும்பாலோர் சொல்வதில்லை. சொல்லத் துணிபவர்களுள்ளும் பலர் முதலில் நாடுவது மருத்துவமனையை அன்று. பேருந்து நிலையச் சுவர்களில் ஒட்டப்படும் சிறு சுவரொட்டிகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். இழந்த வீரியத்தை மீட்டுத் தருவதாகவும், இன்ன தேதியில் இன்ன லாட்ஜில் வைத்தியரைக் காணலாம் என்றும் அவை கூறும். இவ்வகை விளம்பரங்களைத் தடை செய்யும் மத்தியச் சட்டம் 1954ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டுவிட்டது. மருந்துகள் மற்றும் மாய மருத்துவ விளம்பரத் தடைச் சட்டம் என்பது அது. பாலுறவுத் திறனைப் பெருக்குவதாகச் சொல்லி எம்மருந்தையும் விளம்பரம் செய்யலாகாது என்று அது தெளிவாகவே விதிக்கின்றது. சட்டம் இருக்கின்றது, சுவரொட்டியும் இருக்கின்றது. முறையாகச் சித்த மருத்துவக் கல்லூரியில் பயின்று பதிவு பெற்ற மருத்துவர்களை நான் குறிப்பிடவில்லை. அவர்களுடைய நற்பெயரையும் சேர்த்துக் கெடுப்பவர்கள் இந்த லாட்ஜ் வைத்தியர்கள் என்பதே என் வருத்தம்.

பலரிடம் கேட்டவற்றை ஒருவர் கதையாகச் சேர்த்துச் சொல்கிறேன். தையல் பிரிவில் ஓர் இளைஞர், வயது இருபத்தாறு. திருமணமாகிச் சில மாதங்கள் ஆகின்றன. சிறுவயதில் உறக்கத்தில் விந்து வெளியேறியதால் தம் உடலின் சக்தி வற்றிவிட்டது என்று அவர் நம்புகிறார். பல சொட்டு இரத்தம் திரண்டே ஒரு சொட்டு விந்து ஆகின்றது என்று யாரோ சொன்னது அவர் நெஞ்சில் ஆணிபோல் இறங்கியிருக்கின்றது. அச்சத்தோடு மனைவியை அணுகுகிறார். அச்சமே உடலைத் தளரச் செய்கின்றது. தளர்ச்சியைக் கண்டு அச்சம் பெருகுகின்றது. சம்பளத்தில் பெரும்பகுதி லேகியத்துக்குப் போகின்றது. மனைவியோ, தம்மைப் பிடிக்காமல்தான் கணவர் விலகுகிறார் என்று எண்ணி அழுகிறார். ஊரில் மாமியார், இன்னும் ஒன்றும் விசேஷம் இல்லையா என்று தொலைபேசியில் கேட்கிறார்.

இந்த அச்சத்துக்கு மருத்துவ நூல்களில் ஒரு பெயர் உண்டு. இந்திய மனநல மருத்துவர் நரேந்திர நாத் விக் என்பவர் 1960ஆம் ஆண்டில் இதற்கு தாது நோய்க்குறி என்று பெயரிட்டார். நோய் இருப்பது தாதுவில் அன்று, தாது குறைந்துவிட்டது என்ற நம்பிக்கையில். உமிழ்நீர் ஊறுவதுபோலவே விந்தும் உடலில் ஓயாமல் ஊறுவது. வளரிளம் பருவத்தில் உறக்கத்தில் அது வெளியேறுவது இயற்கை. அதனால் உடல் மெலிவதுமில்லை, அறிவு மங்குவதுமில்லை. இந்த ஒரு செய்தியைப் பதினைந்து வயதில் ஒருவன் அறிந்திருந்தால், இருபத்தாறு வயதில் லாட்ஜின் படியேற வேண்டிய தேவை அவனுக்கு இராது.

பெண்களின் துன்பம் இதனினும் ஆழமாகப் புதைந்து கிடக்கின்றது. அச்சத்தால் இடுப்புத் தசைகள் தாமாகவே இறுகிப் புணர்ச்சி இயலாமலோ தாங்கொணா வலியுடையதாகவோ ஆகிவிடுவது உண்டு. இது பிடிவாதம் அன்று. கண்ணருகே விரல் வந்தால் இமை மூடுவது போன்றது. தக்க பயிற்சியால் பெரும்பாலும் நீங்கக்கூடியது. ஆயினும் இதனை வாய்விட்டுச் சொல்ல நாணி, குழந்தையில்லை என்ற குறையோடு கருத்தரிப்பு மருத்துவமனைக்குச் செல்லும் தம்பதியர் உண்டு. அங்கே பல சோதனைகள் முடிந்த பின்னரே, உடலுறவே நிகழவில்லை என்ற செய்தி வெளிவருகின்றது.

இனித் தொலைவழி முறைக்கு வருவோம். கொரோனா நோய் பரவிய காலத்தில், 2020 மார்ச் 25ஆம் நாள், தொலை மருத்துவத்துக்கான நெறிமுறைகளை இந்திய அரசு வெளியிட்டது. பதிவு பெற்ற மருத்துவர் ஒருவர் தொலைபேசியிலோ வீடியோவிலோ நோயாளியைப் பார்த்து ஆலோசனை வழங்கலாம் என்பது அதனால் உறுதியாயிற்று. மருத்துவர் முதலில் தம் பெயரையும் தகுதியையும் கூற வேண்டும்; அவருடைய பதிவு எண்ணை நோயாளி அறிய வேண்டும். நோயாளி விரும்பாத எக்கட்டத்திலும் உரையாடலை நிறுத்திவிடலாம். உரிய வயது நிரம்பாதவர் தனியே இவ்வாலோசனை பெற இயலாது. பெரியவர் ஒருவர் உடனிருக்க வேண்டும், அவர் யார் என்பதையும் மருத்துவர் உறுதிசெய்துகொள்ள வேண்டும். பள்ளி மாணவர்கள் இதனைக் குறித்துக்கொள்க.

ஆகவே முதல் வேலை, எதிரே இருப்பவர் யார் என்று அறிவது. பாலியல் நிபுணர் என்ற பட்டம் பலகையில் எழுதுவதற்கு எளிது. அடிப்படைப் படிப்பு என்ன என்று கேட்க வேண்டும். மனநல மருத்துவரா, மகப்பேறு மருத்துவரா, சிறுநீரகப் பாதை அறுவை மருத்துவரா? மருத்துவரானால் தமிழ்நாடு மருத்துவக் கழகத்தின் பதிவேட்டில் பெயரைத் தேடிப் பார்க்கலாம். மருந்து எழுதாத மருத்துவ உளவியலாளரானால் இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு இருக்க வேண்டும். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை. நல்லவர் கேள்வியை விரும்புவார். கேள்வியைக் கேட்டுச் சினம் கொள்பவரிடமிருந்து விலகிவிடுவதே நன்று.

முதல் அமர்வு முக்கால் மணி நேரம் அல்லது அதற்குச் சற்று மிகுதியாக நடைபெறும். மாத்திரை எழுதித் தருவார் என்று எதிர்பார்த்து அமர்பவருக்கு வியப்பே மிஞ்சும். கேள்விகள், கேள்விகள், மேலும் கேள்விகள். குறை எப்போது தொடங்கிற்று? எப்போதும் உண்டா, சில வேளைகளில் மட்டுமா? உறக்கம் எப்படி? மதுவும் புகையும் உண்டா? உட்கொள்ளும் மருந்துகள் யாவை? இரத்த அழுத்தத்துக்கும் மனச்சோர்வுக்கும் உண்ணும் சில மருந்துகளே பாலுணர்வைக் குறைக்கக்கூடும். சிறுவயதில் எவரேனும் தீங்கிழைத்தது உண்டா என்ற கேள்வியும் மென்மையாக எழும். விடை சொல்ல விருப்பமில்லையெனில், இன்று வேண்டாம் என்று சொல்லும் உரிமை நமக்கு உண்டு. கணவரிடம் தனியாகவும் மனைவியிடம் தனியாகவும் பேசிய பின்னர் இருவரையும் சேர்த்து அமர்த்திப் பேசுவது வழக்கம்.

பின்னர் இரத்தப் பரிசோதனைக்கு அனுப்புவார். சர்க்கரை, கொழுப்பு, சிலருக்கு ஹார்மோன். இதனைத் தட்டிக்கழிக்கலாகாது. ஆண்குறியின் இரத்தக் குழாய்கள் இதயத்தின் குழாய்களைவிடச் சிறியவை. ஆதலால் குழாய் அடைபடும் நோய் இதயத்தில் தெரிவதற்குச் சில ஆண்டுகள் முன்னரே விறைப்புக் குறைவாகத் தலைகாட்டுவது உண்டு. நடுவயதினர் ஒருவர் வெட்கத்தால் மறைக்கும் குறை, உயிரைக் காக்க வந்த எச்சரிக்கையாகவும் இருக்கலாம். உடலை நேரில் சோதிக்க வேண்டுமானால் மருத்துவமனைக்குத்தான் செல்ல வேண்டும். திருப்பூரிலேயே 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டுவிட்டதால் அதற்குக் கோவை வரை ஓட வேண்டியதில்லை.

இங்கே அழுத்தமாக ஒன்று சொல்ல வேண்டும். திரைவழிச் சிகிச்சையில் ஆடை களையுமாறோ, படம் எடுத்து அனுப்புமாறோ, திரைக்கு முன்னே எதனையும் செய்து காட்டுமாறோ பாலியல் உளச்சிகிச்சையாளர் எவரும் கேட்கமாட்டார். அப்படிக் கேட்பவர் சிகிச்சையாளர் அல்லர். அந்நொடியே இணைப்பைத் துண்டித்துவிட வேண்டும். படத்தைப் பெற்றுக்கொண்டு பணம் கேட்டு மிரட்டும் கூட்டங்கள் இருக்கின்றன. அத்தகைய வலையில் சிக்கியவர் குற்றவாளி அல்லர். 1930 என்ற எண்ணில் இணையக் குற்றப் பிரிவிடம் முறையிடலாம்.

தொலைவிலிருந்து நடத்தும் இச்சிகிச்சை பயன் தருமா என்று கேட்பீர்கள். அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரில் மருத்துவர் வில்லியம் மாஸ்டர்ஸும் விர்ஜீனியா ஜான்சனும் இம்முறையை உருவாக்கி, 1970இல் நூலாக வெளியிட்டார்கள். தம்பதியர் ஏறத்தாழ இரண்டு வாரங்கள் அவ்வூரில் தங்கி நாள்தோறும் அவர்களைச் சந்தித்தனர். ஆனால் சந்திப்பில் நடந்தது பேச்சு. பயிற்சியைத் தம்பதியர் தம் தனியறையில்தான் செய்தார்கள். சில நாட்களுக்குப் புணர்ச்சியையே எண்ணாமல், வெற்றி தோல்வி என்ற கணக்கில்லாமல், ஒருவரையொருவர் அன்போடு தொட்டுப் பழகுவதே அப்பயிற்சியின் தொடக்கம். தேர்வு எழுதும் மாணவனிடம், இன்று மதிப்பெண் இல்லை, வெறுமனே எழுதிப் பார் என்று சொன்னால் அவன் கைந்நடுக்கம் குறைகின்றது அல்லவா? அது போன்றது. சிகிச்சை நடக்கும் இடம் தொடக்கம் முதலே வீடுதான். மருத்துவர் என்றுமே அவ்வறையில் இருந்ததில்லை. ஆகவே அவர் மேசைக்கு அப்பால் இருந்தாலும் திரைக்கு அப்பால் இருந்தாலும் பெரும்பகுதி வேலை மாறுவதில்லை.

தமிழ் மக்களுக்கும் இது முற்றிலும் புதிது அன்று. மனநல மருத்துவர் மாத்ருபூதம் விஜய் தொலைக்காட்சியில் ‘புதிரா புனிதமா’ என்ற நிகழ்ச்சியில் பாலியல் ஐயங்களுக்கு விடையளித்தபோது, கேட்டவர் முகம் எவருக்கும் தெரியவில்லை. விடை மட்டும் ஊரெல்லாம் சேர்ந்தது. முகம் தெரியாமையே பலருக்கு நாவைத் திறந்துவிடுகின்றது. மருத்துவமனை வரிசையில் தெரிந்தவர் கண்ணில் பட்டுவிடுவோமோ என்ற அச்சம் திரைமுன் இல்லை.

ஆனால் திரை ஒன்றைப் பறித்துக்கொள்ளவும் செய்கின்றது, கதவடைத்த அறை. மருத்துவமனை நமக்கு அறையைத் தந்தது. தொலைவழியில் அறையை நாமே தேட வேண்டும். லைன் வீட்டில் அது எளிதா? என்னிடம் பேசுபவர்களில் சிலர் ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலில், அக்கம்பக்கத்தார் கடைவீதிக்குப் போன நேரம் பார்த்துப் பேசுகின்றனர். ஒருவர் பூட்டிய வேனுக்குள் அமர்ந்து பேசினார். காதில் ஒலிக்கருவி பொருத்திக்கொண்டால் கேள்வி வெளியே கேளாது. விடையை ஆம், இல்லை என்று சுருக்கியோ எழுத்தில் தட்டச்சு செய்தோ அனுப்பலாம். கணவரின் கைப்பேசியைத்தான் மனைவி பயன்படுத்த வேண்டும் என்ற நிலையும் பல வீடுகளில் உண்டு. அங்கே தனியாகப் பேசும் உரிமை பெயரளவில் நின்றுவிடுகின்றது. இதற்கு எளிய வழி எதுவும் என்னிடம் இல்லை. அத்தகைய பெண்ணை அரசு மருத்துவமனைக்கு நேரில் வரச் சொல்வதே என் வழக்கம்.

சொன்னவை வெளியே போகுமோ என்ற ஐயம் எல்லார்க்கும் உண்டு. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், நோயாளியின் செய்திகளைக் காக்கும் கடமையை மருத்துவர்மீது சுமத்துகின்றது. உயிருக்கு ஆபத்து போன்ற சில நிலைகளில் மட்டுமே விலக்கு. உரையாடல் பதிவு செய்யப்படுகின்றதா என்பதை முதலிலேயே கேட்டுத் தெளிவது நலம்.

கட்டணம் செலுத்தி நிபுணரை நாட இயலாதவர்களும், யாரிடம் தொடங்குவது என்று திகைப்பவர்களும் 14416 என்ற எண்ணை அழைக்கலாம். டெலி மானஸ் என்னும் இச்சேவை 2022 அக்டோபர் 10ஆம் நாள் தொடங்கப்பட்டது. கட்டணமில்லை, தமிழிலும் பேசலாம். அங்கேயே முழுச் சிகிச்சையும் கிடைக்கும் என்று எண்ண வேண்டாம். மனத்துயரைக் கேட்டு, அடுத்துச் செல்ல வேண்டிய இடத்தைக் காட்டுவார்கள். வளரிளம் பருவத்தினர்க்கென்று அரசு மருத்துவமனைகளில் ஆலோசனை மையங்களும் இருக்கின்றன.

ஓர் அமர்வில் எதுவும் முடிந்துவிடாது. வாரம் ஒரு முறையோ இருவாரத்துக்கு ஒரு முறையோ பல அமர்வுகள் வேண்டியிருக்கும். நடுவில் ஒரு வாரம் பயிற்சி செய்ய இயலவில்லை, ஏற்றுமதிச் சரக்கு அவசரம், இரவு வேலை என்று சொல்வார்கள். நல்ல ஆலோசகர் கடிந்துகொள்ளமாட்டார். அந்த வாரத்தில் என்ன நேர்ந்தது என்பதையே அன்றைய பேச்சாக எடுத்துக்கொள்வார். சிலர் மூன்றாம் அமர்விலேயே விட்டுவிடுகின்றனர். சிலர் ஓராண்டு கழித்து மீண்டும் வருகின்றனர். நான் முன்னே சொன்ன இளைஞரைப் போன்றவர்கள் பெரும்பாலும் லேகியத்தை நிறுத்துவதிலிருந்து தொடங்குகின்றனர். பின்னர் மனைவியிடம் அந்தப் பழைய அச்சத்தை முதன்முறையாகச் சொல்கின்றனர். அவ்வுரையாடலில் நான் பேசுவதற்கு அதிகம் இருப்பதில்லை. அமர்வுகளின் இடைவெளி மெல்ல நீண்டு, மாதம் ஒன்றாகி, ஒருநாள் அழைப்பு வராமலே நின்றுவிடுகின்றது.