குளிர்காலமும் குட்டி ஆமையும்

“ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது” என்பது நம் நாட்டுப் பழமொழி. குளிர்நாடாகிய இங்கிலாந்தின் அனுபவமோ இதற்கு நேர்மாறானது. அங்கே வீடு கெடவில்லை. வீடு புகுந்த ஆமைகளே கெட்டழிந்தன. மத்தியதரைக் கடலைச் சூழ்ந்த வெயில் நிலங்களினின்று இருபதாம் நூற்றாண்டில் ஆண்டுதோறும் ஆயிரமாயிரம் நில ஆமைகள் கப்பலேற்றிக் கொணரப்பட்டு, விளையாட்டுப் பொருள்களைப் போலக் கடைகளில் விற்கப்பட்டன. கோடையில் புல்வெளியில் உலவிய அவற்றுட் பல, அடுத்து வந்த குளிர்காலத்தைக் கடக்கவில்லை. 1984-ஆம் ஆண்டில் ஐரோப்பியப் பொதுச்சந்தை நாடுகள் அவ்வணிகத்தைத் தடை செய்தன. இன்று அங்கே உரிய சான்றிதழுடன் விற்கப்படுவன, வளர்ப்போரிடம் முட்டையினின்று பொரித்து வெளிவந்த குட்டிகளாகும்.

நம் குடும்பங்களினின்று அந்நாட்டில் குடியேறியோர் பலர். அவர்தம் பிள்ளைகளும் அண்டை வீட்டுச் சிறாரைப் போலவே குட்டி ஆமை ஒன்று வேண்டுமென அடம் பிடிப்பது இயல்பே. உள்ளங்கையில் அடங்கும் அச்சிற்றுயிர் கோடையில் ஓடியாடித் திரியும். ஐப்பசி, கார்த்திகையில் திடீரென உண்ண மறுத்து, மூலையில் ஒடுங்கி, கண்களை மூடிக்கொள்ளும். “உறங்குகிறது போலும்” என்று வீட்டார் வாளாவிருந்து விடுவர். உயிருக்கு உலை வைப்பது இவ்வெண்ணமே.

வெயிலே அதன் அடுப்பு

நம் உடல் தன் வெப்பத்தைத் தானே உண்டாக்கிக் கொள்ளும். ஆமையின் உடலுக்கு அவ்வாற்றல் இல்லை. வெளியிலிருந்து வெப்பம் பெற்றால்தான் அது நடக்கும், உண்ணும், உண்டதைச் செரிக்கும். வெயிலே அதற்கு அடுப்பு என்றால் மிகையாகாது.

செல்போர்ன் என்னும் ஆங்கிலச் சிற்றூரில் வாழ்ந்த கில்பர்ட் வைட் என்ற ஆங்கிலிக்கன் குருவானவர் இதனைக் கண்கூடாகக் கண்டு எழுதியுள்ளார். அவருடைய அத்தையிடம் நெடுங்காலம் வளர்ந்த ‘திமத்தி’ என்னும் ஆமையை, 1780-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் மண்ணினின்று தோண்டி எடுத்து, குதிரை வண்டியில் தம் ஊருக்குக் கொணர்ந்தார். வண்டியின் குலுக்கலில் துயில் கலைந்த திமத்தி, தோட்டத்தில் இறக்கிவிட்டதும் இருமுறை அதன் கோடிவரை நடந்தது. மாலையில் குளிர் தாக்கவே, மீண்டும் மண்ணுள் புதைந்துகொண்டது. நவம்பரில் மண்ணுள் ஒடுங்கி ஏப்ரலில் வெளிப்படுவது அதன் வழக்கம். 1793-இல் வைட் மறைந்தார். மறு ஆண்டு திமத்தியும் மறைந்தது. அது பெண் ஆமை என்பது பின்னரே தெரிய வந்தது! அதன் ஓடு இலண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இன்றும் காக்கப்பட்டு வருகிறது.

இரண்டில் ஒன்று

திமத்தி உறங்கிப் பிழைத்ததெனில் நம் வீட்டுக் குட்டியும் உறங்கட்டுமே என்று சிலர் வினவலாம். உறங்கலாம், ஆனால் அதற்கு நிபந்தனைகள் உண்டு. துயிலுக்கேற்ற குளிர் ஏறத்தாழ 5 டிகிரி சென்டிகிரேட். சுழியத்திற்குக் கீழே இறங்கினால் கண்ணும் மூளையும் உறைந்து கெடும். 10-க்கு மேல் ஏறினால் துயில் கலையும். உறங்குமுன் வயிறு காலியாக இருத்தல் வேண்டும். செரியாத இரை உள்ளேயே அழுகிவிடும். உடல் மெலிந்ததையும் நோயுற்றதையும் உறங்க வைத்தலாகாது. குட்டியின் உடலிற் சேமிப்போ மிகக் குறைவு. ஆதலின் முதல் ஓரிரு குளிர்காலங்களில் அதனை விழித்திருக்கச் செய்து வளர்ப்பதையே பழக்கமில்லாத குடும்பங்கள் மேற்கொள்ளுதல் நன்று.

விழித்திருக்கச் செய்வதாயின் அதனை அரைகுறையாகச் செய்தலாகாது. கம்பளிச் சட்டை அணிந்த நமக்கு 18 டிகிரி வெப்பமுள்ள அறை இதமானது. ஆமைக்கோ அது பட்டினி. உறங்குதற்குரிய குளிரும் அங்கில்லை. உண்டு செரித்தற்குரிய வெப்பமும் இல்லை. விழித்தும் விழியாமலும் கிடந்து, தன் உடற்சேமிப்பைத் தானே தின்று, தை மாசிக்குள் அது மடிந்து போகும். மின்கட்டணம் ஏறுகிறதென்று விளக்கை அணைத்து, “அறைதான் வெதுவெதுப்பாக உள்ளதே” என்று அமைவோர் இதை நினைவிற் கொள்வாராக. ஒன்று, முழுக் கோடையைக் கொடுங்கள். அன்றேல், மருத்துவரின் அறிவுரையோடு முறையான துயிலைக் கொடுங்கள். இடைப்பட்ட நிலையே கொல்லும்.

வீட்டிற்குள் ஒரு கோடை

மேற்புறம் திறந்த, ஒரு மீட்டருக்குக் குறையாத நீளமுள்ள மரப்பெட்டி ஒன்று வேண்டும். கண்ணாடித் தொட்டி தகாது. சுவர் கண்ணுக்குத் தெரியாமையால் ஆமை ஓயாது முட்டிக்கொண்டேயிருக்கும். பெட்டியில் மண்ணும் மணலும் கலந்து, குட்டி புதைந்துகொள்ளும் ஆழத்திற்குப் பரப்புக.

பெட்டியின் ஒரு முனையில் வெப்ப விளக்கைத் தொங்கவிடுக. அதனடியில் 30 முதல் 35 டிகிரியும், மறுமுனையில் 20 டிகிரி அளவும் இருக்கட்டும். வேண்டும் வெப்பத்தை ஆமை தானே நடந்து தேடிக்கொள்ளும். இவ்வாறு முனைக்கு முனை நடப்பதே அதற்கு உடற்பயிற்சியும் ஆகும். ஊகத்தை நம்பாமல் வெப்பமானி வைத்துப் பார்த்தல் வேண்டும். விளக்கு கீழே விழுந்து தீப்பற்றாதவாறு சங்கிலியால் உறுதியாகக் கட்டுதல் இன்றியமையாதது.

வெப்பத்தோடு ஒளியும் தேவை. டிசம்பரில் இலண்டனின் பகற்பொழுது எட்டு மணி நேரத்திற்கும் குறைவு. இருள் கண்ட ஆமை, வெப்பம் இருந்தும் சோர்ந்துவிடும். ஆகவே நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரமாவது விளக்கு எரிதல் வேண்டும். அன்றியும், வெயிலிலுள்ள புற ஊதாக் கதிர்கள் உடலிற் பட்டால்தான் வைட்டமின் டி உண்டாகும். அது இருந்தால்தான் சுண்ணாம்புச் சத்து எலும்பிலும் ஓட்டிலும் சேரும். சன்னற் கண்ணாடி இக்கதிர்களைத் தடுத்துவிடும் ஆதலின், சன்னலோர வெயில் பயன் தாராது. ஊர்வனவற்றிற்கென விற்கப்படும் புற ஊதா விளக்கே வேண்டும். ஒளி குன்றாதது போலத் தோன்றினும் கதிர் குன்றிவிடும். எனவே தயாரிப்பாளர் குறித்த காலத்தில், ஏறத்தாழ ஆண்டுக்கு ஒருமுறை, அதனை மாற்றுதல் வேண்டும்.

உணவும் நீரும்

இலை தழையே இதன் உணவு. டாண்டலியன் முதலிய களைச்செடிகள் மிகச் சிறந்தவை. பனிக்காலத்தில் அவை கிட்டா. முன்கூட்டியே தொட்டிகளில் விதைத்துச் சன்னலோரம் வளர்க்கலாம். பசளைக் கீரை வகை சுண்ணாம்புச் சத்தை உடலிற் சேரவிடாது, குறைவாகவே கொடுக்க. இனிய பழங்கள் குடலைக் கெடுக்கும். இறைச்சியும் ரொட்டியும் பாலும் அறவே ஆகா. இலைமீது சுண்ணாம்புச் சத்துத் தூளைச் சிறிது தூவுக; கடல்நுரைத் துண்டொன்றையும் பெட்டியில் இடுக.

விளக்கின் வெப்பத்தில் குட்டியின் உடல் நீர் வற்றும். வாரத்தில் சில நாள்கள், தாடையளவு வெதுவெதுப்பான நீரில் பத்துப் பதினைந்து நிமிடம் நிற்க விடுக. நீர் குடிக்கும், கழிவும் வெளியேறும். பின்பு ஈரத்தைத் துடைத்து விளக்கடியில் விடுக. ஆமையைத் தொட்டபின் சிறுவர் சோப்பிட்டுக் கைகழுவுதல் கட்டாயம். அதன் உடலில் நோய்க்கிருமிகள் இருத்தல் கூடும்.

வாரம் ஒருமுறை கிராம் காட்டும் தராசில் நிறுத்து, குறிப்பேட்டில் எழுதும் பணியைப் பிள்ளைகளிடமே ஒப்படையுங்கள். எடை தொடர்ந்து குறைதல், மூக்கில் நீர் வடிதல், கண் வீங்குதல், வாய்திறந்து மூச்சுவிடுதல், ஓடு மென்மையாதல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும், ஊர்வன மருத்துவம் கற்ற கால்நடை மருத்துவரை நாடுக. கைமருந்து வேண்டா.

நம் மண்ணின் ஆமை

தமிழகம், ஆந்திரம், இலங்கை முதலிய வறள்நிலங்களில் வாழும் நட்சத்திர ஆமை, தன் ஓட்டழகால் கடத்தப்பட்டு அயல்நாடுகளில் விற்கப்படுகிறது. குளிர்காலத் துயில் அதற்கில்லை. குளிரில் உறங்கவிட்டால் இறக்கும். 2019-இல் பன்னாட்டு வணிகத் தடைப்பட்டியலில் அது சேர்க்கப்பட்டது. நம் நாட்டிலோ 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அதனைப் பிடிப்பதும் வீட்டில் வைத்திருப்பதும் குற்றமாகும்.

நன்கு பேணப்பட்ட நில ஆமை ஐம்பது ஆண்டுகளுக்கு மேலும் வாழும். இன்று அதனை ஏந்தும் சிறுமி பாட்டியாகும் நாளிலும் அது உடனிருக்கலாம். அத்துணை நெடிய பொறுப்பை ஏற்க இயலுமா என்பதைக் கடைக்குச் செல்லுமுன் பெற்றோர் எண்ணிப் பார்க்க வேண்டும். இயலாதெனில் பிள்ளையிடம் கனிவாக மறுத்துவிடுவதும் அன்பே. இயலுமெனில், இலையுதிர்காலம் தொடங்குமுன்னரே விளக்கையும் வெப்பமானியையும் வாங்கி ஆயத்தமாகுங்கள். குட்டி உண்ண மறுக்கும் நாளில் ஓடித் தேடுவது காலம் கடந்த செயலாகிவிடும்.