நம்ம ஊர் நாடோடி மேய்ப்பர்கள்: ஆட்டுக்கிடை எப்படி நடக்குது?

நாடோடி மேய்ப்பர்கள்னு சொன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருது? மங்கோலியப் புல்வெளி, வட்டக் கூடாரம், குதிரை மேல ஒரு ஆள். இல்லேன்னா தார் பாலைவனத்தில் ஒட்டகங்களோட நடக்கிற ராய்கா மக்கள். அதே மாதிரி ஒரு பயணம் தமிழ்நாட்டிலும் வருஷா வருஷம் நடக்குது.

எனக்குச் சொந்த ஊர் புதுக்கோட்டை மாவட்டம் கீரமங்கலம். பூவுக்கும் பலாவுக்கும் பேர்போன ஊர். அறுவடை முடிஞ்ச மாசங்கள்ல எங்க பக்கம் வந்தீங்கன்னா, ரோட்டை அடைச்சுக்கிட்டு சில நூறு செம்மறி ஆடுகள் போறதைப் பார்க்கலாம். கூட நாலஞ்சு பேர், கையில் தொரட்டிக் கம்பு. பெரும்பாலும் ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்து ஆட்கள். பல குடும்பங்களோட ஆடுகளைச் சேர்த்து நடத்திப் போகிற தலைவருக்கு 'கீதாரி'ன்னு பேர். சு. தமிழ்ச்செல்வி இதே பேரில் ஒரு நாவல் எழுதியிருக்காங்க. 2019-ல் வந்த 'தொரட்டி' படமும் இவங்க வாழ்க்கையைப் பற்றியதுதான்.

ஏன் கிளம்புறாங்க? ராமநாதபுரம் வறண்ட பூமி. வடகிழக்குப் பருவமழை பெய்யும் ஐப்பசி, கார்த்திகையில் கண்மாய்க் கரையிலும் தரிசிலும் புல் இருக்கும். வெயில் ஏறினா ஒண்ணும் மிஞ்சாது. அந்த நேரத்தில்தான் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினத்தில் சம்பா அறுவடை முடிஞ்சு வயல் காலியா கிடக்கும். தாளும் களையும் வரப்புப் புல்லும் ஆடுகளுக்குத் தீனி. அதனால சிவகங்கை, புதுக்கோட்டை வழியா டெல்டாவுக்கு நடை. ஆற்றில் தண்ணீர் வந்து, அடுத்த நடவு பரவலானதும் ஆடு நிற்க இடமிருக்காது. திரும்பி நடப்பாங்க. ஆக, இது கால் போன போக்கில் சுத்துற வாழ்க்கை இல்லை; மழையையும் நெல்லையும் பார்த்துப் போட்ட கால அட்டவணை.

இப்போ முக்கியமான கேள்வி. அடுத்தவர் வயலில் ஆட்டை விட்டா சண்டை வராதா? வராது, ஏன்னா கூப்பிடுறதே விவசாயிதான். பகல் முழுக்க மேய்ந்த ஆடுகளை ராத்திரி ஒரு வயலில், வலை கட்டி அடைப்பாங்க. இதுதான் கிடை போடுறது. குட்டிகளைக் கவிழ்த்த கூடை மாதிரி இருக்கிற கூட்டுக்குள் வச்சுக் காப்பாத்துவாங்க. விடியும்போது அந்த இடம் முழுக்கப் புழுக்கையும் மூத்திரமும் சீராப் பரவியிருக்கும். மறுநாள் வலையைப் பக்கத்து இடத்துக்கு நகர்த்துவாங்க. இப்படியே வயல் முழுக்க எரு விழுந்திடும். வண்டிக்கூலி இல்லை, வாரி இறைக்க ஆள் தேவையில்லை. இதுக்கு விவசாயி கொடுக்கிற கூலி முன்னாடி நெல்லா இருந்தது. இப்போ ராத்திரிக் கணக்கில் பணம். மங்கோலிய மேய்ப்பருக்குப் புல் மட்டும் போதும். நம்ம கீதாரிக்கு, புழுக்கைக்கு விலை கொடுக்கிற ஒரு விவசாயியும் வேணும்.

அந்த எரு அவ்வளவு மதிப்பானதா? தொழு உரத்தில் தழைச்சத்து ஏறக்குறைய 0.5 சதவீதம். ஆட்டு எருவில் சுமார் 3 சதவீதம், அதாவது ஆறு மடங்கு. மூத்திரத்தில் இருக்கிற சத்து தனி. ஆனா வெயிலில் காய விட்டா தழைச்சத்து அம்மோனியாவாகிக் காற்றில் போயிடும். அதனாலதான் கிடை எடுத்த கையோட உழுதுடணும்னு பெரியவங்க சொல்லுவாங்க. ஆட்டு எரு அந்த வருஷமே பலன் தரும், மாட்டு எரு மறு வருஷம்னு ஒரு சொலவடையே இருக்கு.

சரி, இவ்வளவு நல்ல ஏற்பாட்டுக்கு என்ன பிரச்சினை? முதல்ல, காலி நிலம் குறையுது. ஆழ்துளைக் கிணறு வந்த பிறகு எங்க ஊர்ப் பக்கம் வருஷம் முழுக்கப் பூவும் தென்னையும் நிற்குது. தோட்டத்துக்குத் தோட்டம் கம்பி வேலி. ரோடு அகலமாகுது, வண்டி வேகமாகுது. 45 கிலோ யூரியா மூட்டை மானிய விலையில் 270 ரூபாய்க்குள்ள கிடைக்கும்போது, கிடைக்காகக் காத்திருக்க எல்லாருக்கும் பொறுமை இல்லை. ஆட்டுக்கொல்லி நோய் மாதிரி ஒண்ணு வந்தா தடுப்பூசிக்கு எந்த ஊர்க் கால்நடை மருந்தகத்துக்குப் போறது? இன்னிக்கு ஒரு ஊர், நாளைக்கு வேற ஊர்.

இன்னொண்ணையும் சொல்லியாகணும். வறுமையில் இருக்கிற குடும்பங்கள் முன்பணம் வாங்கிக்கிட்டுப் பிள்ளைகளை ஆடு மேய்க்க அனுப்பி, அந்தப் பிள்ளைகளை அதிகாரிகள் மீட்ட சம்பவங்கள் டெல்டா மாவட்டங்களில் நடந்திருக்கு. 1976-ஆம் வருஷச் சட்டப்படி கொத்தடிமை முறை குற்றம். பள்ளிக்கூடம் போக வேண்டிய வயசில் ஒரு பையன் கிடையில் தனியா நிற்கிறதைப் பார்த்தா, 1098-க்கு போன் பண்ணுங்க. கிடை தொடர்ந்து நடக்கணும்னு நினைக்கிறவங்க இதைக் கண்டுக்காம விடக்கூடாது.

நல்ல செய்தியும் இருக்கு. 2024 அக்டோபரில் தொடங்கிய 21-வது கால்நடைக் கணக்கெடுப்பில்தான், இடம்விட்டு இடம் போகிற மேய்ப்பர்களோட கால்நடைகளை முதல்முறையா தனியா எண்ணினாங்க. 2026-ஐ ஐ.நா. சபை மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ப்பர்களுக்குமான ஆண்டா அறிவிச்சிருக்கு. எண்ணிக்கையில் வந்தாத்தான் தடுப்பூசி, காப்பீடு, தங்குற இடம்னு எதையும் உரிமையோட கேட்க முடியும்.

அடுத்த தடவை ரோட்டில் ஆட்டு மந்தை வந்தா ஹாரன் அடிக்காதீங்க. மிரண்டு சிதறினா மறுபடி சேர்க்க அவங்களுக்கு அரை மணி நேரம் ஆகும். வண்டியை ஓரமா நிறுத்தி, "எந்த ஊருண்ணே, எங்க கிடை?"ன்னு கேட்டுப் பாருங்க. உங்க தட்டுல இருக்கிற சோத்துக்கும் அவங்க நடைக்கும் உள்ள தொடர்பை அவங்களே சொல்லுவாங்க.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.