கயிற்றில் பிறந்த சிலை

கயிறு எதற்கு உதவும்? மாடு கட்டலாம். மூட்டை கட்டலாம். தண்ணீர் இறைக்கலாம். கயிற்றால் சிலை செய்ய முடியுமா? முடியும் என்று ஒரு பெண் காட்டினார்.

அவர் பெயர் மிருணாளினி முகர்ஜி. வங்காளக் குடும்பத்தைச் சேர்ந்தவர். 1949இல் மும்பையில் பிறந்தார். தாய் லீலாவும் ஒரு சிற்பி. தந்தை பினோத் பிஹாரி புகழ்பெற்ற ஓவியர். மிருணாளினி பரோடாவில் கலை படித்தார். அங்கே கே.ஜி. சுப்பிரமணியன் அவருக்கு ஆசிரியர்.

சிலை என்றால் கல், மரம், உலோகம் என்றே பலரும் நினைத்தார்கள். கயிற்றில் முடிச்சுப் போடுவது பெண்களின் வீட்டுக் கைவேலை என்று ஒதுக்கினார்கள். மிருணாளினி அந்தக் கைவேலையையே எடுத்துக்கொண்டார்.

சணல் கயிறு வாங்கினார். சாயம் ஏற்றினார். கையாலேயே முடிச்சுப் போட்டார். ஒரு முடிச்சு, பத்து முடிச்சு, ஆயிரம் முடிச்சு! ஒரு சிலை முடியப் பல மாதங்கள் ஆகும். மடிப்பும் சுருளுமாகப் பெரிய உருவங்கள் எழுந்தன. பார்த்தால் பூப்போலத் தெரியும். பெண்போலவும் தெரியும். யட்சி, தேவி, வனஸ்ரீ என்று பெயர் வைத்தார். அவர்கள் ஒதுங்கி நிற்கும் பெண்கள் அல்ல. வலிமையோடு வீற்றிருப்பவர்கள்.

பிறகு சுட்ட மண்ணிலும் வெண்கலத்திலும் சிலைகள் செய்தார். 2015இல் டெல்லியில் காலமானார். 2019இல் அமெரிக்காவின் நியூயார்க் நகரில் அவருடைய சிலைகளுக்குப் பெரிய கண்காட்சி நடந்தது. வீட்டுக் கைவேலை என்று ஒதுக்கிய முடிச்சை உலகமே வந்து பார்த்தது.

நம் ஊரிலும் பெண்கள் பூத் தொடுக்கிறார்கள். கூடை முடைகிறார்கள். பாய் பின்னுகிறார்கள். அதை 'வெறும் கைவேலை' என்று சொல்லலாமா? கூடிப் பேசுங்கள்.