உங்களுக்குத் தெரியுமா? பித்தநாளத்தில் பத்தாண்டு வாழும் புழு!

வடகிழக்குத் தாய்லாந்தின் ஈசான் பகுதியில் ‘கோய் பிளா’ என்றொரு உணவு உண்டு. நன்னீர் மீனைப் பச்சையாகக் கொத்தி, எலுமிச்சைச் சாறு, மிளகாய், வறுத்த அரிசிப் பொடி சேர்த்துப் பிசைவார்கள். ஆனால் மீன் சதைக்குள் இருக்கும் கல்லீரல் தட்டைப்புழுவின் இளம்பருவம் எலுமிச்சையின் புளிப்பில் சாவதில்லை.

சிறுகுடலை அடைந்ததும் அது உறையை உடைத்து வெளிவரும். பித்தநீர் குடலில் வந்து சேரும் வாய் வழியாகவே எதிர்த்திசையில் ஏறி, கல்லீரலின் பித்தநாளங்களில் தங்கிவிடும். நீளம் ஒரு சென்டிமீட்டருக்குள்தான். ஆயுளோ பத்தாண்டு, அதற்கு மேலும்கூட. உறிஞ்சிகளால் நாளத்தின் உட்சுவரைக் கவ்விப் புண்ணாக்குகிறது. போதாததற்கு, செல்களைப் பெருகத் தூண்டும் கிரானுலின் வகைப் புரதத்தையும் சுரக்கிறது! புண்ணாவதும் ஆறுவதுமாக ஆண்டுகள் ஓட, நாளச்சுவர் தடித்து நார்போல் இறுகுகிறது. பித்தநீர் தேங்குகிறது. சிலருக்குப் பித்தநாளப் புற்றுநோயே வந்துவிடுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1994-லேயே இந்தப் புழுவைப் புற்றுநோய்க் காரணிகளின் முதல் பிரிவில் சேர்த்தது. இந்தப் புற்றுநோய் உலகிலேயே மிக அதிகமாகக் காணப்படும் இடங்களில் ஒன்று ஈசானின் கோன் கேன் மாகாணம்.

கொடுமை என்னவென்றால், தொற்றிய பலருக்கு ஆண்டுக்கணக்கில் எந்த அறிகுறியும் தெரியாது. மஞ்சள் காமாலை தலைகாட்டும்போது பெரும்பாலும் புற்று முற்றியிருக்கும். பிராசிகுவாண்டெல் மாத்திரை புழுவைக் கொன்றுவிடும். ஆனால் மறுபடி பச்சை மீன் தின்றால் மறுபடி தொற்றும். மீனை உள்வரை நன்றாக வேகவைத்தால் இளம்புழு பிழைக்காது.