பெல்ட்டை மாற்றும் முன் பின் சக்கர பேரிங்கைப் பாருங்கள்

தோட்டத்துச் செம்மண் பாதையில் கப்சாய் ஓட்டிப் பழகியவருக்குச் செயின் எப்போது தளர்ந்திருக்கிறது, எப்போது எண்ணெய் கேட்கிறது என்பது காதாலேயே தெரிந்துவிடும். அதே ஆள் நாற்பது வயதில், பிள்ளைகள் ஓரளவு தலையெடுத்த பிறகு, ஆசைக்கு ஒரு பழைய ஹார்லி டேவிட்சன் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். அங்கே செயின் இல்லை. பின் சக்கரத்தைச் சுழற்றுவது பல் வைத்த கறுப்பு பெல்ட். எண்ணெய் ஊற்ற வேண்டாம், அழுக்கு தெறிக்காது, சத்தமும் கிடையாது. வாங்கிய சில மாதங்களுக்கு எல்லாம் சுகமாகவே போகும்.

பிறகு ஒரு நாள் காராக் நெடுஞ்சாலையில் ஏறும்போது பின்னாலிருந்து ஒரு முனகல் கேட்கிறது. வேகம் கூடக்கூட அதுவும் கூடுகிறது. பழக்கமில்லாத பாகத்தின் மீதுதான் முதல் சந்தேகம் விழும். "பெல்ட் போயிடுச்சு போல" என்று அவரே முடிவு செய்து, பட்டறையிலும் அப்படியே சொல்லிவிடுகிறார். கேட்டதைச் செய்து கொடுப்பதுதானே பட்டறையின் வேலை?

இந்த இடத்தில்தான் பணம் வீணாகிறது. ஹார்லி பெல்ட் பல நூறு ரிங்கிட் பிடிக்கும். பெரிய இன்ஜின் கொண்ட பல மாடல்களில் அதைக் கழற்றப் பின் சக்கரத்தை எடுத்தால் மட்டும் போதாது. இன்ஜினின் இடப்பக்க மூடியிலிருந்து, பின் சக்கரத்தை ஏந்தி நிற்கும் ஸ்விங் ஆர்ம் வரை பிரிக்க வேண்டியிருக்கும். கூலியே பொருளின் விலையை எட்டிவிடும். அத்தனையும் முடித்துப் புதிய பெல்ட்டுடன் சாலையில் இறங்கினால் முனகல் அப்படியே இருக்கிறது. காரணம், சத்தம் போட்டது சில பத்து ரிங்கிட் விலையுள்ள சக்கர பேரிங்.

பணத்தைவிடப் பெரிய கவலையும் உண்டு. மலேசியச் சாலைகளில் உயிரிழப்போரில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் மோட்டார் சைக்கிளில் போனவர்கள். தேய்ந்த பேரிங்கோடு தொடர்ந்து ஓட்டினால் சக்கரம் அச்சில் நேராக நிற்காது. வண்டியின் வால் பகுதி வளைவில் நெளியும். கடைசிக் கட்டத்தில் பேரிங் உடைந்து, ஹப்பின் உட்சுவரையும் அச்சையும் அரைத்துவிடும். முந்நூறு கிலோ எடையுள்ள வண்டி நெடுஞ்சாலை வேகத்தில் போகும்போது அது நடந்தால் என்னவாகும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

பேரிங் என்பது ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு எஃகு வளையங்கள். நடுவில் குண்டுகள், குண்டுகளுக்கு கிரீஸ், கிரீஸ் வெளியேறாமலும் தண்ணீர் உள்ளே புகாமலும் காக்க இருபுறமும் ரப்பர் சீல். சக்கர ஹப்பின் இடத்தில் ஒன்று, வலத்தில் ஒன்று. இரண்டுக்கும் நடுவே ஓர் இடைக்குழாய் நிற்கும். ஹார்லியில் 2000ஆம் ஆண்டு மாடல் முதல் இத்தகைய சீல் வைத்த பேரிங்தான். அதற்கு முந்தைய வண்டிகளில் இருப்பது கூம்பு வடிவ உருளைகள் கொண்ட வேறு வகை. அதற்கு கிரீஸ் வைத்து, ஆட்டத்தின் அளவைச் சரிபார்த்து மாட்ட வேண்டும். பழைய வண்டி வாங்கியவர்கள் முதலில் ஆண்டைப் பார்த்துக்கொள்வது நல்லது.

சாலையில் காதால் கண்டுபிடிப்பது

கப்சாயில் எல்லாருக்கும் தெரிந்த ஒரு சோதனை உண்டு. ஓடும்போது கிளட்சைப் பிடிப்பது, அல்லது கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவருவது. சத்தம் நின்றால் இன்ஜின் பக்கம், நிற்காவிட்டால் சக்கரத்தின் பக்கம். பெல்ட் வண்டியில் இதை நம்பித்தான் பலர் ஏமாறுகிறார்கள். கிளட்சைப் பிடித்தாலும் சக்கரம் உருளும் வரை பெல்ட்டும் கூடவே ஓடிக்கொண்டுதான் இருக்கும். அதனால் கோளாறு இன்ஜினில் இல்லை என்பது மட்டுமே உறுதியாகும். பெல்ட்டா பேரிங்கா என்பது தெரியாது.

அதற்கு வேறு வழி இருக்கிறது. வாகனமில்லாத நேரான சாலையில் ஒரே வேகத்தில் போய், த்ரோட்டிலை மெல்ல முறுக்கியும் விட்டும் பார்க்க வேண்டும். முறுக்கும்போது ஒரு சத்தம், விடும்போது வேறு சத்தம் என்றால் பெல்ட், புல்லி, கியர்பாக்ஸ் ஆகியவற்றில் ஒன்றைச் சந்தேகிக்கலாம். இரண்டிலும் ஒரே முனகல், வேகத்தோடு மட்டும் ஏறி இறங்குகிறது என்றால் பேரிங் அல்லது டயர். தார் மாறும் இடத்தில் சத்தமும் மாறினால் அது டயர். வளைவில் ஒரு பக்கம் சாயும்போது கூடி, மறுபக்கம் சாயும்போது குறைந்தால் பேரிங் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

பெல்ட்டின் சத்தம் வேறு மாதிரியானது. அது முனகாது, எலி கத்துவதுபோல் கீச்சிடும். புழுதி படிந்தாலோ சக்கரம் கோணலாக நின்றாலோ அப்படிக் கத்தும். இன்ஜினை நிறுத்திவிட்டு பெல்ட்டின் மேல் கொஞ்சம் தண்ணீர் தெளித்து, பிறகு ஓட்டிப் பாருங்கள். கீச்சு சிறிது நேரம் அடங்கினால் குற்றவாளி பெல்ட்தான். தண்ணீருக்குச் சற்றும் அசையாத சத்தம் என்றால் தேடல் வேறு இடத்துக்குப் போக வேண்டும்.

பின் பிரேக் பெடலும் ஒரு தடயம் தரும். சக்கரம் ஆடினால் டிஸ்க்கும் ஆடி, பிரேக் பேடைப் பின்னுக்குத் தள்ளும். முதல் மிதி ஆழமாக இறங்கி, இரண்டாம் மிதியில் இறுகினால் பிரேக் எண்ணெயோடு பேரிங்கையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

சக்கரத்தைத் தூக்கிப் பார்ப்பது

இதற்கு இரண்டு பேர் வேண்டும். இந்த வகை வண்டிகளில் பெரும்பாலும் நடு ஸ்டாண்ட் இருக்காது. சட்டத்துக்கு அடியில் தகுந்த ஜாக் வைத்து, முன்பகுதியைக் கயிற்றால் கட்டி, பின் சக்கரம் தரையைத் தொடாமல் தூக்க வேண்டும். செங்கல்லும் பலகையும் அடுக்கித் தூக்குவது கப்சாய்க்கே ஆபத்து. இதில் வேண்டவே வேண்டாம்.

டயரின் உச்சியில் ஒரு கை, அடியில் ஒரு கை. ஒன்றைத் தள்ளி, மற்றொன்றை இழுக்க வேண்டும். பிறகு முன்னும் பின்னுமாகப் பிடித்து அதேபோல் செய்ய வேண்டும். 'கடக்' என்று கையில் தட்டினால் ஆட்டம் இருக்கிறது. ஆனால் எதன் ஆட்டம்? இரண்டாவது ஆள் அந்த நேரத்தில் டயருக்கும் ஸ்விங் ஆர்முக்கும் நடுவிலுள்ள இடைவெளியைப் பார்க்க வேண்டும். இடைவெளி மாறினால் சக்கர பேரிங். சக்கரமும் ஸ்விங் ஆர்மும் சேர்ந்தே அசைந்தால், கோளாறு ஸ்விங் ஆர்ம் சட்டத்தோடு சேரும் இடத்தில் இருக்கிறது. சில டூரிங் மாடல்களில் பின் புல்லிக்குள் ரப்பர் மெத்தை வைத்திருப்பார்கள். சக்கரத்தைச் சுழலும் திசையில் அசைத்தால் அது கொஞ்சம் நெகிழும். அதைப் பேரிங் ஆட்டம் என்று எண்ணிப் பதற வேண்டாம்.

அடுத்து சக்கரத்தைக் கையால் சுற்றிக் கேட்பது. இன்ஜினை ஓட விட்டு, கியரில் போட்டு இதைச் செய்யவே கூடாது. பெல்ட்டுக்கும் புல்லிக்கும் நடுவே மாட்டிய விரல் திரும்ப வராது. கையால் சுற்றும்போதும் இதே எச்சரிக்கை தேவை. நீண்ட திருப்புளியின் முனையை அச்சின் ஓரத்தில் ஊன்றி, பிடியைக் காதருகே வைத்தால் உள்ளே குண்டுகள் அரைபடும் ஓசை தெளிவாகக் கேட்கும்.

ஆட்டம் இல்லை என்பதால் பேரிங் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. தேய்மானத்தின் தொடக்கத்தில் சத்தம் மட்டும்தான் இருக்கும். சந்தேகம் தீர ஒரே வழி, சக்கரத்தைக் கழற்றி பேரிங்கின் உள்வளையத்தில் விரலை விட்டுச் சுற்றுவது. நல்ல பேரிங் வெண்ணெயில் திரும்புவதுபோல் லேசான இழுவையுடன் திரும்பும். மணல் நெருடினாலோ, ஓரிடத்தில் தட்டி நின்றாலோ மாற்ற வேண்டியதுதான். பம்பரம்போல் கடகடவென்று சுற்றினால் சிலர் 'சூப்பரா சுத்துது' என்று மகிழ்ந்து திருப்பி மாட்டிவிடுவார்கள். கிரீஸ் காய்ந்துபோன பேரிங்தான் அப்படிச் சுற்றும்.

ஏன் தேய்கிறது

முதல் எதிரி தண்ணீர். வாரம் தவறாமல் வண்டியைப் பளபளவென்று வைத்திருப்பவர்களின் பேரிங்தான் பல நேரம் சீக்கிரம் போகிறது. உயர் அழுத்தக் குழாயை ஹப்புக்கு நேராகப் பிடித்தால் தண்ணீர் சீலைத் தாண்டி உள்ளே போய்விடும். துருவின் வேலை அதன் பிறகு தொடங்கும். வெள்ளத்தில் நின்ற வண்டிக்கும் இதே கதி. 2021 டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் எத்தனையோ வாகனங்கள் மூழ்கின. வெள்ள வண்டிகளில் இன்ஜின் எண்ணெயை மாற்றுபவர்கள் சக்கர பேரிங்கை நினைப்பதில்லை. பழைய வண்டி வாங்குபவர்கள் இதைக் கேட்டே ஆக வேண்டும்.

இரண்டாவது எதிரி, அளவுக்கு மீறி இறுக்கப்பட்ட பெல்ட். செயின் தொங்கினால் இறுக்கிப் பழகிய கை, பெல்ட்டையும் வீணைத் தந்திபோல் இறுக்கிவிடுகிறது. ஆள் ஏறி உட்கார்ந்ததும் ஸ்விங் ஆர்ம் அசைந்து பெல்ட் இன்னும் இறுகும். பின்னால் துணைவியார், இருபுறமும் பை என்றால் சொல்லவே வேண்டாம். அந்த இழுவை முழுவதும் புல்லிப் பக்கத்து பேரிங்கின் தலையில்தான் விழும். ஹார்லியில் இதற்கென்று அளவுக் கருவி உண்டு. 10 பவுண்டு, அதாவது சுமார் 4.5 கிலோ விசையில் அழுத்தி, பெல்ட் எவ்வளவு விலகுகிறது என்று பார்க்க வேண்டும். எவ்வளவு விலகலாம் என்பது மாடலுக்கு மாடல் மாறும். வண்டியின் கையேட்டில் இருக்கும். இன்ஜின் சூடாக இருக்கும்போது அளக்கக் கூடாது.

மாற்றும்போது இரண்டு பக்கத்தையும் சேர்த்தே மாற்றுவது நல்லது. ஒன்று போனால் மற்றதும் அதே தண்ணீரையும் அதே வயதையும் கண்டதுதான். புதியதைப் பொருத்தும்போது வெளிவளையத்தில்தான் அழுத்தம் தர வேண்டும். உள்வளையத்தில் சுத்தியல் பட்டால் பேரிங் மாட்டும்போதே பாதி செத்துவிடும். இடைக்குழாயை மறந்து மாட்டினால் அச்சை இறுக்கியதும் குண்டுகள் நசுங்கும். பெல்ட்டைக் கழற்றி ஓரமாக வைக்கும்போது மடிக்கவோ முறுக்கவோ கூடாது. உள்ளே இருக்கும் நார் இழைகள் உடைந்தால் வெளியில் ஒன்றும் தெரியாது. பிறகு ஓடும்போது அறுந்துவிடும்.

பேரிங்கின் பக்கவாட்டில் எண் பொறித்திருக்கும். உதாரணமாக 6203 என்றால் உட்துளை 17 மில்லிமீட்டர், வெளிவிட்டம் 40, அகலம் 12. கூடவே 2ஆர்எஸ் என்றிருந்தால் இருபுறமும் ரப்பர் சீல். பழையதன் எண்ணைக் குறித்துக்கொண்டு போனால் கடையில் குழப்பம் வராது. புகழ்பெற்ற பெயர்களில் போலி பேரிங்குகளும் சந்தையில் உண்டு. நம்பகமான கடையைவிட விலை சந்தேகப்படும் அளவுக்குக் குறைவாக இருந்தால் வாங்காமல் வருவதே மேல்.

கப்சாய் வைத்திருப்பவர்களுக்கும் மேலே சொன்ன ஆட்டச் சோதனையும் விரல் சோதனையும் அப்படியே பொருந்தும். ஆனால் அதில் செயின் பற்சக்கரம் உட்காரும் பகுதியில் கூடுதலாக ஒரு பேரிங் இருக்கலாம்; பட்டறையில் பலர் அதை விட்டுவிடுகிறார்கள். ஸ்கூட்டரின் கதை வேறு. அதன் பெல்ட் இன்ஜின் மூடிக்குள் இருக்கிறது, பின் சக்கரம் கியர் பெட்டியின் தண்டில் மாட்டியிருக்கிறது. அங்கே முனகல் கேட்டால் முதலில் கியர் எண்ணெயைப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

பட்டறைக்குப் போகும்போது "பெல்ட்டை மாத்துங்க" என்று சொல்வதை விட்டு, "பின்னால சத்தம் வருது, சக்கரத்தைக் கழற்றி பேரிங்கைக் காட்டுங்கண்ணே" என்று கேளுங்கள். கழற்றிய பேரிங்கை உங்கள் கையில் வாங்கி, நீங்களே ஒரு முறை விரலால் சுற்றிப் பாருங்கள்.